யூரின்ல ஆர்பிசி 8–10: கெய்ரோ, கல்கத்தா, பரங்கிப்பேட்டை

நீளமான இழை. டீ போட்டு எடுத்துக்கிட்டு வாங்க.

கொஞ்ச நாள் முன்னாடி ஓபியில் ஒரு தம்பி. 26 வயசு, பரங்கிப்பேட்டை. வளைகுடாவுக்கு விசா வந்திருக்கு. மெடிக்கலுக்குப் போறதுக்கு முன்னாடியே தனியா ஒரு லேபில் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்திருக்கார். சபராளிகள் ஊரில் இது சகஜம். கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டின பிறகு "அன்ஃபிட்" என்று வந்தால் குடும்பமே உட்கார்ந்துவிடும்.

எல்லாம் நார்மல். ஒரே ஒரு வரி மட்டும் வட்டம் போட்டிருந்தது. யூரின் மைக்ராஸ்கோபி: ஆர்பிசி 8–10.

"டாக்டர், ரத்தமே வரலையே. மஞ்சளாத்தான் போகுது. கிளியர் ஆகிறதுக்கு ஒரு மாத்திரை குடுங்க."

கூட வந்த அவங்க வாப்பா சிரித்தார். "சூடுதான் டாக்டர். எனக்கும் இப்படித்தான் எழுதித் தருவாங்க. இளநீர் குடிச்சா சரியாப் போயிடும்."

(வாப்பா சொன்னதை ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில் அவரிடம்தான் வருவோம்.)

தம்பி போனை எடுத்து வளைகுடா மெடிக்கல் படிவத்தைக் காட்டினார். முன்னாடி காம்கா, இப்போ வாஃபித். யூரின் பகுதியில் சர்க்கரை, ஆல்புமின், அதுக்குக் கீழே ஒரு வார்த்தை: பில்ஹார்சியாசிஸ். "இது என்ன டாக்டர்? ரத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமா?"

சம்பந்தம் இருக்கு. ஓபியில் 60 பேர் நிக்கும்போது சொல்ல முடியாத நீளத்துக்கு இருக்கு. அதான் இங்கே எழுதுறேன்.

முதலில் நம்ம வீட்டிலிருந்தே ஆரம்பிப்போம். மூத்திரத்தைப் பார்த்து நோய் சொல்வது தமிழ் மருத்துவத்தில் புதுசு இல்லை. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளில் அதுவும் ஒன்று. நீர்க்குறியில் நிறம், மணம், எடை, நுரை, எஞ்சல் என்று ஐந்தைப் பார்ப்பார்கள். நெய்க்குறியில் காலை மூத்திரத்தில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு அது எப்படிப் பரவுகிறது என்று கவனிப்பார்கள். பாம்பு மாதிரி நீண்டால் வாதம், மோதிரம் மாதிரி வட்டமானால் பித்தம், முத்து மாதிரி நின்றால் கபம். தேரையர் பெயரில் இதற்குத் தனி நூலே இருக்கு.

இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. விடியற்காலை முதல் மூத்திரம் வேணும், சாப்பாட்டையும் வயசையும் விசாரிக்கணும், வச்சு ஆறவிடாமல் பார்க்கணும் என்ற கறாரெல்லாம் இன்னைக்கும் நாங்க லேபில் சொல்றதுதான். ஆனால் கண்ணுக்கு ஒரு எல்லை இருக்கு. ஒரு லிட்டர் மூத்திரத்தில் ஒரு மில்லி ரத்தம் கலந்தால்தான் நிறம் மாறியது கண்ணுக்குப் படும். அதுக்குக் கீழே இருக்கிறதை எந்த மருத்துவரும், எந்த நாட்டிலும், 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் முறையாகப் பார்க்கவே இல்லை.

1827இல் லண்டனில் ரிச்சர்ட் பிரைட் சிறுநீரக நோயாளிகளின் மூத்திரத்தில் ஆல்புமின் இருப்பதை எழுதினார். கரண்டியில் மூத்திரத்தை எடுத்து மெழுகுவர்த்தியில் காய்ச்சினால் திரியும், அவ்வளவுதான் டெஸ்ட். அடுத்த பத்து வருஷத்தில் பாரிஸ் ஷரிதே மருத்துவமனையில் ராயேயும் அவருடைய மாணவர் விக்லாவும் மூத்திரத்தை நுண்ணோக்கியில் வைத்து ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தார்கள். நம்ம லேப் டெக்னீஷியன் தினம் காலையில் செய்கிற வேலையின் பிறப்பு அங்கேதான்.

இப்போ கெய்ரோ.

எகிப்தில் ஆம்பளைப் பிள்ளைகளுக்கு மூத்திரத்தில் ரத்தம் வருவது ரொம்ப சாதாரணம். 1798இல் நெப்போலியனோடு போன பிரெஞ்சுச் சிப்பாய்களுக்கும் வந்தது. வெயில் என்றார்கள், வியர்வை என்றார்கள், குதிரைச் சவாரி என்றார்கள். அதாவது நம்ம "சூடு"தான், பிரெஞ்சில்.

1851இல் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர், வயசு 26, கெய்ரோவின் கஸர் அல்-ஐனி மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்யும்போது குடலிலிருந்து வரும் ரத்தக்குழாய்க்குள் ஒரு புழுவைக் கண்டார். பெண் புழு ஆண் புழுவின் மடிப்புக்குள்ளேயே வாழும் ஒரு விசித்திர ஜோடி. அதோட முட்டைகள் மூத்திரப்பையின் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகின்றன, ரத்தம் அதனால்தான் என்பது அடுத்தடுத்த மாதங்களில் தெளிவானது. அவர் பெயரே நோய்க்குப் பெயரானது. 37 வயசில் செத்துப்போனார். தன் நோய் எப்படிப் பரவுகிறது என்று அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. நத்தை வழியாகத் தண்ணீருக்கு வந்து, குளிக்கிறவன் தோலைத் துளைத்து உள்ளே போகிறது என்று லெய்பர் எகிப்தில் நிரூபித்தது 1915இல்.

1910இல் ரஃபர் என்பவர் மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய எகிப்திய மம்மிகள் இரண்டின் சிறுநீரகங்களில் இதே முட்டைகளைச் சுண்ணாம்பாகிப்போன நிலையில் கண்டுபிடித்தார். மூவாயிரம் வருஷமாக ஒரு ஊரே "இது இப்படித்தான் வரும்" என்று விட்டிருக்கு. பூப்பெய்துவது மாதிரி, ஆம்பளைப் பையன் வளர்கிறதுக்கு அடையாளம் என்றுகூட நினைத்திருக்கிறார்கள். 1911இல் அதே கஸர் அல்-ஐனியில் ஃபெர்குசன் ஒரு கட்டுரை எழுதினார்: இந்தப் புழு வருஷக்கணக்கா இருந்தவர்களுக்குத்தான் மூத்திரப்பையில் புற்று வருகிறது. சாதாரணம் என்று விட்ட ரத்தத்தின் விலை அது.

இதில் மருத்துவர்கள் வெட்கப்பட வேண்டிய ஒரு பக்கமும் இருக்கு. 1918இல் கிறிஸ்டோபர்சன் கார்ட்டூமில் ஆன்டிமனி ஊசி போட்டுக் குணப்படுத்திக் காட்டினார். பிறகு எகிப்தில் ஊர் ஊராக அந்த ஊசி இயக்கம் 1980கள் வரை நடந்தது. கண்ணாடி சிரிஞ்சைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் ஒருத்தருக்குப் போட்டதையே அடுத்தவருக்கும் போட்டதில் ஹெபடைடிஸ் சி நாடு முழுக்கப் பரவியது. புழுவை ஒழிக்கப் போய்க் கல்லீரலைக் கெடுத்த கதை.

அரேபியாவின் தென்மேற்குப் பகுதியிலும் யேமனிலும் இந்தப் புழு இருந்தது. எகிப்திலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வேலைக்கு ஆள் வருவார்கள். அதனால்தான் வளைகுடா படிவத்தில் அந்தக் கட்டம். பக்கத்திலேயே "அந்த நோய் உள்ள பகுதியானால்" என்றும் போட்டிருக்கும். தம்பி, உங்களுக்காக வைத்த கட்டம் இல்லை அது.

"அப்ப இந்தியாவில் கிடையாதா?" என்று கேட்டால், இருந்தது, ஆனால் அபூர்வம். 1952இல் மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் கிம்வி என்ற சின்ன கிராமத்தில் பலருக்கு மூத்திரத்தில் ரத்தம் வருவதைக் காட்கிலும் ஷாவும் கண்டுபிடித்தார்கள். உள்ளேயே பரவிய பில்ஹார்சியா. உள்ளூர் நத்தை ஒன்றின் வழியாக. இந்திய மருத்துவ மாணவர்கள் எம்சிக்யூவுக்காக மனப்பாடம் செய்கிற ஊர்ப்பெயர் அது. நானும் செய்தேன்.

சரி, நம்ம கடற்கரைக்கு இந்தக் கதை எப்படி வருது? பிரேசில் வழியா.

பில்ஹார்ஸை எகிப்துக்குக் கூட்டிப்போனவர் அவருடைய ஆசிரியர் கிரீசிங்கர். அவர் பிரேசிலின் பாஹியாவில் இருந்த ஓட்டோ வுச்செரரிடம், உங்க ஊரிலும் ரத்தமூத்திரம் நிறைய வருதாமே, எங்க புழு இருக்கா பாருங்க என்று கேட்டார். வுச்செரர் பார்த்தார். முட்டை கிடைக்கவில்லை. 1866 ஆகஸ்டில் ஒரு நோயாளியின் மூத்திரத்தில் வேறு ஒன்று நெளிந்தது. நூல் மாதிரி, இதுவரை யாரும் பெயர் வைக்காத குட்டிப்புழு. தேடியது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. (வுச்செரர் பிறந்த ஊர் போர்ச்சுகலின் போர்ட்டோ. நம்ம ஊருக்குப் போர்ட்டோ நோவோ என்று பெயர் வச்சவங்களும் போர்ச்சுகீசியர்தான். இதில் மருத்துவம் எதுவும் இல்லை, சும்மா சொல்லணும்னு தோணுச்சு.)

1870இல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் என்ற வெல்ஷ் மருத்துவர், பால் மாதிரி மூத்திரம் போகும் ஒரு நோயாளியின் மாதிரியை நுண்ணோக்கியில் வைத்தார். அதே நூல்புழு. 1872இல் ரத்தத்திலும் கண்டார். 1876இல் பிரிஸ்பேனில் பேன்கிராஃப்ட் தாய்ப்புழுவைக் கண்டார். 1877இல் சீனாவின் அமோயில் பேட்ரிக் மேன்சன் கொசுவுக்குள் அது வளர்வதைக் கண்டார். ஒரு நோயைப் பூச்சி சுமக்கிறது என்று மருத்துவ உலகம் முதன்முதலில் பார்த்தது அப்போதான். மலேரியா–கொசு எல்லாம் அதுக்கு 20 வருஷம் பின்னாடி.

வுச்செரேரியா பேன்கிராஃப்டி. யானைக்கால் புழு. அதோட பெயரிலேயே இரண்டு பேர் ஒட்டிக்கிட்டு இருக்காங்க.

யானைக்கால் என்றால் எல்லாரும் காலைத்தான் பார்ப்போம். ஆனால் இந்தப் புழுவை உலகம் முதலில் சந்தித்த இடங்களில் மூத்திரமும் ஒன்று, அதுவும் ரத்தம் கலந்த மூத்திரம் என்பது பலருக்குத் தெரியாது. வீங்கிய நிணநீர்க் குழாய் சிறுநீரகப் பாதையில் உடைந்தால் பால் மாதிரி வரும், சில சமயம் இளஞ்சிவப்பா வரும். இது கண்ணுக்குத் தெரிகிற வகை. தெரியாத வகையும் இருக்கு. 1992இல் பிரேசிலின் ரெசிஃபேயில் ட்ரையரும் உடனிருந்தவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வெளியே எந்த அறிகுறியும் இல்லாத, ரத்தத்தில் மட்டும் குட்டிப்புழு இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மூத்திரத்தில் நுண்ணளவு ரத்தமோ புரதமோ இருந்தது. கால் வீங்கலை, காய்ச்சல் இல்லை, மூத்திரம் மஞ்சள்தான். சிறுநீரகம் மட்டும் அமைதியா கசிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு.

கடலூர் பக்கம் வயசானவங்களுக்கு யானைக்காலைப் பத்திப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தேங்கிய சாக்கடையில் வளர்கிற க்யூலெக்ஸ் கொசுவுக்கு இந்தக் கடற்கரை ஊர்கள் சொந்த வீடு. 1955இல் தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 1975இல் பக்கத்துப் புதுச்சேரியில் கொசுவழி நோய்களுக்கான ஆராய்ச்சி மையம் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கே டிஇசி மாத்திரை என்ற யோசனையை 1996இல் முன்னோட்டமா நாட்டில் சில மாவட்டங்களில் ஆரம்பித்தபோது, தமிழ்நாட்டில் அது கடலூரில்தான் ஆரம்பமானது. நாடு முழுக்கப் போனது 2004இல்தான். வீடு வீடா வந்து "இப்பவே என் முன்னாடி முழுங்குங்க"ன்னு நின்ன சுகாதாரப் பணியாளர்களை நிறைய பேர் திட்டியிருப்போம். மாத்திரையை ஜன்னல் வழியா வீசின வீடுகளும் உண்டு. இன்னைக்கு எங்க வார்டில் புதுசா யானைக்கால் பார்க்கிறது குறைஞ்சிருக்குன்னா, அந்தத் திட்டு வாங்கினவங்களுக்கும் அதில் பங்கு இருக்கு.

இந்தப் புழுக்களுக்கு ஒரு கடிகாரம் உண்டு. பில்ஹார்சியா முட்டை மதியம் சுமார் 10 முதல் 2 மணிக்குள் மூத்திரத்தில் அதிகம் வரும், அதுவும் கடைசிச் சொட்டுகளில். யானைக்கால் குட்டிப்புழு ரத்தத்தில் நடுராத்திரி வாக்கில்தான் வெளியே வரும். அதனால்தான் அந்தக் காலத்தில் ராத்திரி 10 மணிக்கு மேல கதவைத் தட்டி விரலைக் குத்தினார்கள். சிறுநீரக வடிகட்டியே கெட்டிருந்தால் அதன் அடையாளங்கள் விடியற்காலை மூத்திரத்தில் நல்லாத் தெரியும். ஆக "ஒரு யூரின் டெஸ்ட் எடுத்துட்டேன், ஒண்ணும் இல்லை" என்று யாராவது சொன்னால், எப்ப எடுத்தீங்க, எவ்வளவு நேரம் கழிச்சு லேபில் பார்த்தாங்க என்று நான் கேட்பேன். நம்ம ஊர் வெயிலில் டப்பா இரண்டு மணி நேரம் கிடந்தால் ரத்தச் செல்கள் கரைந்தே போயிடும்.

கதையிலிருந்து தம்பியின் ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

நுண்ணோக்கியின் ஒரு பார்வை வட்டத்தில் 3 சிவப்பணுக்கள் அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை நுண்ணளவு ரத்தமூத்திரம் என்கிறோம். எண்ணித்தான் சொல்லணும். கலர் மாறும் பட்டையை மட்டும் நம்பக்கூடாது. அடிபட்டுத் தசை நசுங்கினவருக்கும் பட்டை நிறம் மாறும், ரத்தச் செல் ஒன்றுகூட இருக்காது.

அடுத்த கேள்வி, ரத்தம் எங்கிருந்து? மேலே வடிகட்டியிலிருந்தா, கீழே குழாயிலிருந்தா. 1979இல் மெல்போர்னில் பர்ச்சும் ஃபேர்லியும் ரொம்ப எளிமையான ஒரு வழி சொன்னார்கள். செல்லின் வடிவத்தைப் பாருங்க. வடிகட்டியின் இடுக்கில் நசுங்கி வந்த செல் கோணல்மாணலா, மொட்டு விட்ட மாதிரி இருக்கும். கல்லோ கட்டியோ கசியவிட்ட செல் உருண்டையா, முழுசா இருக்கும். கூடவே புரதம் போகுதா, பிரஷர் கூடியிருக்கா, முகம் வீங்குதா, கிரியேட்டினின் எவ்வளவு. இதெல்லாம் வடிகட்டிப் பக்கம் கை காட்டும். சொறி சிரங்கு வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து முகம் வீங்கி வரும் குழந்தைகள் இந்த வகை. மழைக்காலத்தில் நிறையப் பார்க்கிறோம்.

கீழ்ப்பக்கம் என்றால் கல், கிருமித்தொற்று, ஆண்களுக்குப் புராஸ்டேட். சீழ் இருந்தும் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால் சிறுநீரக டிபியை நினைக்கணும். நெல் வயலில் கண்ணாடி விரியன் கடித்தவருக்கும் மூத்திரத்தில் ரத்தம் வரும், ஆனால் அவர் ரிப்போர்ட்டோடு வரமாட்டார், ஆம்புலன்ஸில் வருவார். பெண்களுக்கு மாதவிடாய் நாளில் எடுத்த மாதிரியா என்று கேட்காமல் ஒரு முடிவுக்கும் வரக்கூடாது.

அப்புறம் புற்று. 1895இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலை ஆட்களுக்கு மூத்திரப்பைப் புற்று வருவதை எழுதினார். அதிலிருந்துதான் "என்ன வேலை பார்த்தீங்க?" என்பது இந்த நோயில் முதல் கேள்விகளில் ஒன்றானது. சாயம், ரப்பர், தோல் பதனிடுதல் எல்லாம் கேட்போம். ஆனால் இன்னைக்கு முதல் குற்றவாளி புகைதான். பீடி, சிகரெட்டின் நஞ்சு நுரையீரல் வழியா ரத்தத்துக்குப் போய், சிறுநீரகம் அதை வடிகட்டி, மூத்திரப்பையில் மணிக்கணக்கில் ஊற வைக்குது. ஊறும் இடத்தில்தான் கட்டி.

தம்பியிடம் கேட்டேன். டெஸ்ட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டு மணி நேரம் கால்பந்து ஆடியிருக்கார். கடுமையான ஓட்டத்துக்குப் பிறகு ரத்தச் செல் வருவது உண்டு, இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். புரதம் இல்லை, பிரஷர் 118/76, புகைப்பதில்லை. மூன்று நாள் ஆடாமல் இருந்துட்டு காலையில் வாங்கன்னு அனுப்பினேன். திரும்ப எடுத்ததில் 0–1. மாத்திரை எதுவும் எழுதவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

வாப்பாவிடம் கேட்டேன். "உங்களுக்கும் எழுதித் தருவாங்கன்னு சொன்னீங்களே பாய், அந்தச் சீட்டு இருக்கா?"

அடுத்த தடவை ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கொண்டு வந்தார். 14 மாசத்தில் மூன்று ரிப்போர்ட். ஆர்பிசி 6–8. அப்புறம் 10–12. அப்புறம் 15–20. மூன்று தடவையும் யூரின் இன்ஃபெக்ஷன் என்று ஐந்து நாள் ஆன்டிபயாடிக். கல்ச்சர் எடுத்த ஒரு தடவையும் எதுவும் வளரவில்லை. மூன்று பேர் எழுதிய மூன்று சீட்டு. யாரும் முந்தின சீட்டைக் கேட்கவில்லை.

இரண்டாவது சீட்டில் இருந்த கையெழுத்து என்னுடையது.

எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. மாத்திரை முடிஞ்ச பிறகு திரும்ப டெஸ்ட் எடுத்து, ரத்தம் போயிடுச்சா என்று பார்க்கணும், போகலைன்னா அது இன்ஃபெக்ஷன் இல்லை. இது எனக்குத் தெரியும். பரீட்சையில் கேட்டால் எழுதியிருப்பேன். சீட்டில் எழுதவில்லை.

அவருக்கு வயசு 54. சவூதியில் லாரி ஓட்டி 20 வருஷம். புகை 30 வருஷம். அங்கே குளம் குட்டையில் குளிச்சீங்களா என்று கேட்டேன். "லாரிக்கே தண்ணி கிடைக்காது டாக்டர்" என்றார். பில்ஹார்சியா இல்லை. ராத்திரி ரத்தம் எடுத்துப் பார்த்தோம், யானைக்கால் புழு இல்லை. ஸ்கேனில் மூத்திரப்பையின் இடது ஓரத்தில் ஏறக்குறைய 2 செ.மீ. வளர்த்தி. ஸ்கேனில் தெரியாமலும் இருந்திருக்கலாம், அதனால் வயசானவர், புகைக்கிறவர் என்றால் ஸ்கேன் நார்மல் என்று விடாமல் உள்ளே குழாய் விட்டே பார்க்கணும். 1879இல் வியன்னாவில் நிட்ஸே காட்டிய அதே சிஸ்டோஸ்கோப், இப்போ மெலிசாகவும் கேமராவோடும். யூராலஜியில் அதைச் செய்து, குழாய் வழியாகவே சுரண்டி எடுத்தார்கள். பயாப்சியில் புற்று. தசைக்குள் இறங்கவில்லை.

இது திரும்பத் திரும்ப முளைக்கும் வகை. மூன்று மாசத்துக்கு ஒரு தடவை உள்ளே பார்க்கணும், வருஷக்கணக்கில். முதல் பரிசோதனை முடிந்தது, சுத்தமாக இருந்தது. பீடியை விட்டுட்டதாகச் சொல்கிறார். நான் முழுசா நம்பவில்லை, அவர் சட்டைப்பையைப் பார்த்தேன், அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

அந்தச் சீட்டில் என் கையெழுத்து இருந்ததை அவரிடம் சொன்னேன். "கூட்டம் டாக்டர், நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். மன்னிச்ச மாதிரியும் இருந்தது, மன்னிக்காத மாதிரியும் இருந்தது.

இப்போ எங்க ஓபியில் யூரின் ரிப்போர்ட்டில் 3க்கு மேல் ஆர்பிசி இருந்தால் சீட்டின் மேலேயே சிவப்புப் பேனாவில் எண்ணையும் தேதியையும் எழுதி, "பழைய ரிப்போர்ட்டோடு வரவும்" என்று போடுகிறோம். கவரோடு நிறைய பேர் வருகிறார்கள். பெரும்பாலும் கல், இன்ஃபெக்ஷன், ஒன்றுமில்லாததுதான். ஒவ்வொரு கவரையும் பிரிக்க இரண்டு நிமிஷம் ஆகுது, வரிசை நீளுது, வெளியே சத்தம் போடுறாங்க.

தம்பிக்கு மெடிக்கல் ஃபிட். போன வாரம் ஃப்ளைட் ஏறிட்டார். போவதற்கு முன்னாடி படிவத்தை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். பில்ஹார்சியாசிஸ் கட்டத்தில் "இல்லை" என்று இருந்தது. அதுக்குக் கீழே ஒரு மெசேஜ்: வாப்பாவுக்கு அடுத்த செக்கப் தேதி வந்தா எனக்கும் அனுப்புங்க டாக்டர், நான் அங்கேயிருந்து ஃபோன் பண்ணி அனுப்பி வைக்கிறேன், இல்லைன்னா அவர் போகமாட்டார்.